தேய்மானக் கணக்கு

எங்கள் வங்கிக் கிளையில் என் மேஜைக்கு நேர் எதிரே நகைக்கடன் பகுதி. பதினொரு மணி வாக்கில் அப்ரைசர் வருவார். பையிலிருந்து கறுப்பு உரைகல்லை எடுத்து வைப்பார். சங்கிலியின் கொக்கியை அதன்மேல் ஒரு இழு இழுப்பார். கல்லில் மஞ்சளாக ஒரு கோடு. அந்தக் கோட்டின்மேல் கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டு அமிலம். கோடு நிற்கிறதா, மங்குகிறதா, எவ்வளவு மங்குகிறது என்று பார்த்துவிட்டுத் தரத்தைச் சொல்வார். நகைக்குச் சொந்தக்காரி இந்தப் பக்கம் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் ஒரு கிழவி கேட்டாள்: 'அந்தக் கோட்டுல எவ்ளோ போச்சு சாமி?' அப்ரைசர் சிரித்துவிட்டார். 'அது கணக்குல வராதும்மா.'

வராதுதான். எங்கள் தராசில் அது விழாது. ஆனால் இலக்கிய விமர்சனத்தில் நாம் உரைகல் என்ற சொல்லை எவ்வளவு சரளமாகப் புழங்குகிறோம் என்பதை நினைத்துக்கொண்டேன். 1880ல் மாத்யூ ஆர்னால்ட் பேராசான்களின் வரிகளை உரைகற்களாக மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னதை பி.ஏ. வகுப்பில் பரீட்சைக்காக மனனம் செய்தவன் நான். உரசிப் பார்க்கப்படுவது சிறிது குறைகிறது என்று அந்தக் கட்டுரைக்கு எழுதிய எந்த விடையிலும் நான் சொன்னதில்லை, யாரும் கேட்கவுமில்லை. கிழவி கேட்டாள். அவள் கேள்வி இத்தனை நாள் என்னோடு இருப்பதற்குக் காரணம், அதே வாரத்தில் என் கைக்கு வந்த ஓர் ஆய்வேடு.

ஸ்ரீமுஷ்ணத்துப் பையன் ஒருவன் — பெயர் வேண்டாம், அவனுக்குக் கூச்சம் — மின்சக்தி இயந்திரங்களில் பயன்படும் பாலிமர்களின் உராய்வும் தேய்மானமும் என்ற விஷயத்தில் ஐந்து வருஷம் ஆராய்ச்சி செய்து முடித்திருக்கிறான். பல்கலைக்கழகம் ஒரு தமிழ்ச் சுருக்கமும் கேட்கிறதாம். 'நீங்கதான் அண்ணே எழுதறவங்க' என்று கட்டுக் காகிதத்தைக் கொடுத்துவிட்டான். விஞ்ஞானம் எனக்குப் பத்தாம் வகுப்போடு போயிற்று. சன்னதித் தெருத் திண்ணையில் நாலைந்து மாலைகள் உட்கார்ந்து அவன் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

நீர்மின் நிலையத்தில் தண்டு செங்குத்தாக நிற்கிறது. சுழலி, ஜெனரேட்டரின் சுழலும் பாகம், கீழே அழுத்தும் நீரின் விசை — எல்லாம் சேர்ந்து, பெரிய நிலையங்களில் நூற்றுக்கணக்கான டன், வளையமாக அடுக்கிய சில திண்டுகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஓடும்போது இடையில் மயிரிழையைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம். மேலே உள்ளது கீழே உள்ளதைத் தொடுவதே இல்லை. கிளம்பும்போதும் நிற்கும்போதும்தான் படலம் அறுந்து இரண்டும் தொட்டுக்கொள்கின்றன. அப்போதுதான் தேய்கின்றன. (குடும்பங்களைப் பற்றி இதற்கு மேல் ஒருவர் சொல்லிவிட முடியாது என்று நான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.) திண்டின் முகத்துக்கு நூறு வருஷத்துக்கு மேலாக வெள்ளீயம் கலந்த ஒரு மெத்தான உலோகத்தைப் பூசி வந்தார்கள்; ஐஸக் பாபிட் என்ற அமெரிக்கர் 1839ல் காப்புரிமை பெற்றதன் வழியில் வந்தது. 1970களில் சோவியத் பொறியாளர்கள் அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக்கை வைத்தார்கள். நம் வீட்டு நான்ஸ்டிக் தோசைக்கல்லில் இருக்கிறதே, அந்த டெஃப்லான்.

தண்டு விலை உயர்ந்தது. அதைக் கழற்றி மாற்றுவதென்றால் நிலையத்தையே நிறுத்த வேண்டும். திண்டு மலிவு. ஆகவே தேயவேண்டியது திண்டுதான் என்று முதலிலேயே தீர்மானித்து, அதை மென்மையாகச் செய்கிறார்கள். இப்படி வேண்டுமென்றே தேயக் கொடுக்கப்படும் பரப்புக்கு ஆங்கிலத்தில் 'ஸாக்ரிஃபிஷியல்' என்ற அடைமொழி. நான் யோசிக்கவே இல்லை. தமிழ்ச் சுருக்கத்தில் 'தியாகப் பரப்பு' என்று எழுதிவிட்டேன்.

பையன் அதை மட்டும் அடித்துத் திருப்பிக் கொடுத்தான். 'மாற்றத்தக்க பரப்புன்னு போடுங்க அண்ணே. தியாகம்னா அது தானா ஒத்துக்கிட்டு செய்யற மாதிரி இருக்கு. இங்க முடிவு பண்றது டிசைனர்.'

ஒரு வருஷத்தில் நான் படித்த விமர்சன வாக்கியங்களில் இதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. நம் மேடைக் கவிதையின் தார்மிக சாமான்கள் எவை? உருகும் மெழுகுவர்த்தி, தேயும் சந்தனக்கட்டை, மிதிபடும் ஏணி, அறுந்துபோகும் செருப்பு. தாய்க்கு மெழுகுவர்த்தி, ஆசிரியருக்கு ஏணி, தொண்டனுக்குச் செருப்பு. இந்தப் படிமங்கள் எல்லாவற்றிலும் ஒரு விஷயம் மறைக்கப்படுகிறது: கட்டையைப் பிடித்துக் கல்லில் தேய்க்கும் கை. சந்தனம் தானாகத் தேய்வதில்லை. கையை விட்டுவிட்டுக் கட்டையைப் பாடும்போது, ஒருவன் எடுத்த முடிவு இன்னொருத்தியின் குணமாக மாறிவிடுகிறது. குணமாக மாறிய பிறகு அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது, வணங்கத்தான் வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தேய்வதையே நாம் புகழ்கிறோம் என்றால் எல்லாத் தேய்வையும் புகழ வேண்டும். எங்கள் ஊரில் தேரோடும்போது சக்கரத்துக்கு அடியில் கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அத்தனை பெரிய தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அந்தக் கட்டைதான். நசுங்கி, நார்நாராகி, வெளியே வீசப்படும். அடுத்த கட்டை உள்ளே போகும். தேயும் விஷயத்தில் சந்தனக்கட்டைக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. ஆனால் தமிழில் முட்டுக்கட்டை ஒரு வசவு. ஓட்டத்துக்கு இணங்கித் தேய்ந்தால் தியாகம், ஓட்டத்தைத் தடுத்துத் தேய்ந்தால் முட்டுக்கட்டை. ஆகவே நாம் புகழ்ந்துவந்தது தேய்வதை அல்ல, இணங்குவதை.

இனி ஆய்வேட்டின் மையத்துக்கு வருகிறேன். அதில் ஓர் அட்டவணை. இடது பத்தியில் பொருளின் பெயர், அடுத்த பத்தியில் உராய்வுக் குணகம், அதற்கடுத்ததில் தேய்மான வீதம். இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும் என்றுதான் என் புத்தியில் இருந்தது. உரசல் அதிகமென்றால் தேய்வும் அதிகம், உரசல் இல்லையென்றால் தேய்வும் இல்லை — இதில் என்ன ஆராய்ச்சி வேண்டிக்கிடக்கிறது? அட்டவணை அப்படி இல்லை. திடப்பொருள்களிலேயே உராய்வு மிகக் குறைந்தவற்றில் ஒன்றான டெஃப்லான், கலப்பில்லாத நிலையில், தேய்மானப் பத்தியில் படுமோசமான இடத்தில் நிற்கிறது.

இதற்குக் காரணம் அதன் வழுக்கலேதான். 1938ல் ராய் பிளங்கட் என்ற ரசாயனி ஒரு வாயு உருளையைத் திறந்தார். வாயு வரவில்லை, எடை மட்டும் குறையாமல் இருந்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் பொடி. அதன் மூலக்கூறுகள் நீண்ட, முடிச்சில்லாத சங்கிலிகள். ஒன்றன்மேல் ஒன்று பிடிப்பே இல்லாமல் சறுக்கும். எஃகின்மேல் தேய்க்கும்போது அது தன்னில் ஒரு மெல்லிய ஏட்டை உரித்து எஃகின்மேல் ஒட்டவைத்துவிடுகிறது. அப்புறம் எஃகோடு அதற்கு உறவே இல்லை. தான் விட்டுவந்த தன் தோலின்மேல் தானே சறுக்குகிறது. உராய்வு குறைந்துவிட்டது. ஆனால் ஒட்டிய தோல் எஃகில் நிற்பதில்லை, சிறு செதிள்களாக உதிர்ந்து போகிறது. போனதும் இன்னொரு ஏடு. அப்ரைசர் கல்லில் விழும் கோட்டைப் போலத்தான் — கோட்டை ஒவ்வொரு சுற்றிலும் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தால் சங்கிலி என்ன ஆகும்? இதைத் தடுக்கக் கண்ணாடி இழை, கரி, வெண்கலப் பொடி என்று கடினமானவற்றை உள்ளே கலக்கிறார்கள். தேய்மானம் நூறு மடங்கும், சில கலவைகளில் ஆயிரம் மடங்கும் குறைகிறது. உராய்வு கொஞ்சம் ஏறுகிறது. எதிர்ப்பரப்பு கீறுபடவும் கூடும். பெங்களூரிலிருந்து பிஸ்வாஸும் கல்யாணி விஜயனும் இந்த ஒரு பொருளின் உராய்வையும் தேய்வையும் பற்றி மட்டுமே 1992ல் ஒரு நீண்ட பரிசீலனை எழுதியிருக்கிறார்கள். விஷயம் அவ்வளவு பெரியது.

ஆர்ச்சர்ட் என்ற ஆங்கிலேயர் 1953ல் தேய்மானத்துக்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். சுமை ஏற ஏறத் தேய்வு ஏறும், சறுக்கிய தூரம் ஏற ஏற ஏறும், பொருளின் கடினம் ஏற ஏறக் குறையும். பையன் அதை எழுதிக் காட்டியபோது நான் கேட்டேன்: 'உராய்வு எங்கே?' 'அதுல கிடையாது அண்ணே' என்றான். எவ்வளவு சுமை, எவ்வளவு தூரம், எவ்வளவு மென்மை — இவ்வளவுதான். சண்டை நடந்ததா இல்லையா என்று சூத்திரம் கேட்பதில்லை.

'எங்கள் வீட்டில் ஒரு நாளும் சண்டை நடந்ததில்லை' என்று நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். பெருமையாக. இந்தப் பத்திரிகையில் வந்த என் கட்டுரைகளிலேயே 'உரசலற்ற அன்பு' என்ற பிரயோகம் இரண்டு இடத்தில் இருக்கிறது. வீடு என்றால் அக்காவும் நானும். அப்பா போனபோது அக்கா பிளஸ் டூ. அத்தோடு நிறுத்திவிட்டு விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைக் கூடத்துக்கு வேலைக்குப் போனாள். அதே பஸ்ஸில் பின்னால் ஆறு வருஷம் கழித்து நான் கல்லூரிக்குப் போனேன், அவள் டிக்கெட்டையும் என் டிக்கெட்டையும் அவள்தான் எடுப்பாள். அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையில் இரண்டு பாதி சேரும் இடத்தில் ஒரு விளிம்பு நிற்கும். சூளைக்குப் போகுமுன் ஈரப் பஞ்சாலும் விரலாலும் அதைத் தேய்த்து எடுக்க வேண்டும். பதினைந்து வருஷம் அந்த வேலை. என் உத்தியோகத்துக்கு அப்புறமும் நாலு வருஷம் போய்க்கொண்டிருந்தாள், 'சும்மா இருந்தா கை ஊறுது' என்று.

போன வருஷம் ஒரு கைரேகை இயந்திரத்தின் முன் அவளை நிறுத்தினார்கள். வலது கட்டைவிரல், ஆள்காட்டி, இடது கை, துடைத்துவிட்டு மறுபடி — எதுவும் பதியவில்லை. இயந்திரத்தின் பின்னால் இருந்தவர் அவளை ஏதோ குற்றம் செய்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அக்கா சிரித்தாள். 'ரேகையெல்லாம் பொம்மைக்குப் போயிடுச்சு' என்றாள். அன்றைக்கு அதை நான் ஒரு நல்ல வாக்கியமாகத்தான் கேட்டேன். குறித்துக்கூட வைத்துக்கொண்டேன். என் புத்தி எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

உரசல் என்ற ஒரு பத்தியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வீட்டை, ஓர் அலுவலகத்தை, ஒரு ஜாதியமைப்பை, ஒரு தேசத்தைக்கூட நல்லது என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அடுத்த பத்தி காலியாகக் கிடக்கிறது. சத்தமில்லாத இடத்தில் அமைதி இருக்கிறது என்பது நிரூபிக்கப்படாத ஒரு அனுமானம். அங்கே ஒருவர் மிக வழுக்கலான பொருளால் ஆனவராக இருக்கலாம். அவரை உரித்து எடுத்த ஏட்டின்மேல் மற்றவர்கள் சறுக்கிக்கொண்டிருக்கலாம்.

இதைக் கணக்குப் பார்க்கவே முடியாதா? கணக்கு என் தொழில் என்பதால் இது எனக்கு உறுத்துகிறது. தேய்மானம் என்ற இதே சொல் எங்கள் பேரேட்டிலும் இருக்கிறது. இரும்பு அலமாரிக்கும் மின்விசிறிக்கும் நான் உட்காரும் நாற்காலிக்கும் வருஷா வருஷம் தேய்மானம் எழுதுகிறோம். அதில் உட்கார்ந்திருப்பவனுக்கு இன்கிரிமென்ட் எழுதுகிறோம்! பொறியாளர்களின் கணக்கும் ஒருவகையில் எங்களுடையதைப் போலத்தான். 1966ல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு, உராய்வையும் தேய்வையும் ஒழுங்காகக் கவனித்தால் அந்த நாடு வருஷத்துக்கு 51.5 கோடிப் பவுன் மிச்சம் பிடிக்கலாம் என்றது. 'டிரைபாலஜி' என்ற பெயரோடு இந்தத் துறை நடமாட ஆரம்பித்தது அந்த அறிக்கையோடுதான். 2017ல் ஹோல்ம்பெர்க், எர்டெமிர் என்ற இருவர் உலகத்துக்கே கணக்குப் போட்டார்கள்: மனிதர் செலவிடும் சக்தியில் 23 சதவிகிதம் உரசும் பரப்புகளில் போகிறது, அதில் 20 உராய்வை வெல்ல, 3 மட்டும் தேய்ந்ததை மாற்றிச் செய்ய. இயந்திரத்துக்கு இது சரியான விகிதமாக இருக்கலாம். திண்டைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டலாம் என்பதால்தான் அந்த 3 அவ்வளவு சிறியது. மனிதர்களுக்குள்ளும் நாம் இதே விகிதத்தில்தான் யோசித்து வருகிறோமோ என்று பயமாக இருக்கிறது. சண்டையைத் தவிர்க்க எவ்வளவு உபதேசம்; தேய்ந்ததைச் சரிசெய்ய எவ்வளவு?

பையனின் அப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் பெல்ட் பகுதியில் வேலை பார்த்தவர். பெல்ட்டும் பாலிமர்தான், எஃகு வடம் வைத்த ரப்பர். 1957 மே மாதம் நேரு துவக்கிவைத்த சுரங்கத்தில் 1961 ஆகஸ்டில்தான் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. மேலே மூடியிருந்த கடலூர் மணற்பாறை சாமானியமானதல்ல. ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சதச் சக்கர இயந்திரங்களின் பற்களை அது தின்று தீர்த்தது. பல்லின் அமைப்பையே மாற்றவேண்டி வந்தது, பாறையை வெடிவைத்துத் தளர்த்தவேண்டி வந்தது. அந்தக் கரியில் எரிந்த முதல் அனல்மின் நிலையம் 600 மெகாவாட். 1962ல் ஓட ஆரம்பித்து 2020ல் ஓய்வு பெற்றது. எங்கள் ஊர் மூலவர் பூவராகர். பூமியைப் பாதாளத்திலிருந்து கோரைப்பல்லில் தூக்கிவந்தவர். அந்தப் பல் தேய்ந்ததாக எந்தப் புராணிகரும் சொல்லி நான் கேட்டதில்லை. நெய்வேலியில்தான் பூமியைத் தூக்கினால் பல் தேயும் என்று தெரிகிறது.

இங்கே ஒரு ஆட்சேபத்தை எதிர்பார்க்கிறேன். அப்படியானால் எல்லோரும் உரசிக்கொண்டே இருக்க வேண்டுமா? நம் வட்டத்தில் அதற்கு ஒன்றும் பஞ்சமில்லையே. இரண்டு இதழ்களுக்கு ஒருமுறை யாராவது யாரோடாவது பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். உண்மைதான். ஆனால் உராய்வு அதிகமாகவும் தேய்வு குறைவாகவும் இருக்கும்படி செய்த பாலிமர் பொருள்களும் உண்டு. பஸ்ஸின் பிரேக் கட்டையைப் பாருங்கள், ஃபீனாலிக் பிசினில் இழைகளைக் கலந்து செய்தது. உராய்வதுதான் அதன் உத்தியோகம். எளிதில் தேய்ந்துபோகக் கூடாது என்பது நிபந்தனை. இருபது வருஷமாக என் ஒவ்வொரு கட்டுரையையும் மறுத்துக் கடிதம் எழுதும் நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். அவரால் நான் தேய்ந்ததாகத் தோன்றவில்லை. சில சரிவுகளில் நின்றிருக்கிறேன். மென்மைக்கும் இன்னொரு பக்கம் உண்டு. எண்ணெயில் மணல் கலந்துவிட்டால் கடினமான துகள் மெத்தான திண்டில் புதைந்து, அங்கே பத்திரமாக உட்கார்ந்துகொண்டு எஃகுத் தண்டை அறுக்கும். தண்டு தேய்கிறது, திண்டு அப்படியே இருக்கிறது. பேசாமல் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்ட ஒரு பெண்ணின் எதிரில் ஆண்கள் ஏன் நாளடைவில் கீறலும் கோடுமாக ஆகிவிடுகிறார்கள் என்பதை நான் இரண்டு மூன்று வீடுகளில் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் பார்க்கவில்லை என்று எழுத வந்தேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தபோது அக்கா காப்பி கொண்டுவந்தாள். 'என்னாடா ரெண்டு வாரமா ஒரே எழுத்து?' என்றாள். ஒளிக்கத் தோன்றவில்லை. உன்னைப் பற்றித்தான் என்று, படித்துக் காட்டாமல், சாராம்சத்தைச் சொன்னேன். நான் படிப்பதற்காக நீ தேய்ந்துபோய்விட்டாய், அதை நான் பார்க்கவே இல்லை, இப்போதுதான் பார்க்கிறேன் என்கிற விதமாக. சொல்லும்போதே குரலில் ஒரு மேடைத்தனம் ஏறிவிட்டது எனக்கே தெரிந்தது.

அவள் டம்ளரை வைத்துவிட்டு நின்றாள். கோபம் என்று சொல்ல முடியாது. 'நான் தேஞ்சேன்னு உனக்கு எப்படிடா தெரியும்? முன்னாடி என்னை எடை போட்டு வச்சியா?' பிறகு, அவளே சிரித்துக்கொண்டு, 'எடைன்னு பார்த்தா அப்பத்துக்கு இப்ப ஏறித்தான் இருக்கேன்' என்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மாலை இதைப் பையனிடம் சொன்னேன், வேடிக்கையாக. அவன் வழக்கம்போல வேடிக்கையை விட்டுவிட்டு விஷயத்தை எடுத்துக்கொண்டான். அவர்கள் சோதனையிலும் இந்தச் சங்கடம் உண்டாம். தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் மாதிரித் துண்டை மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு வரை எடைபோடுகிறார்கள். நைலான் போன்ற பாலிமர்கள் தண்ணீரைக் குடிக்கும். தண்ணீருக்குள் வைத்துத் தேய்த்தால், தேய்ந்து குறைந்ததைவிடக் குடித்து ஏறியது அதிகமாகிவிடும். தராசு எடை கூடிவிட்டது என்று சொல்லும், துண்டு தேய்ந்திருக்கும்.

'அப்ப என்ன செய்வீங்க?'

'அதே பொருள்ல இன்னொரு துண்டு, அதே தண்ணியில, அதே நேரம் போட்டு வைப்போம் அண்ணே. அதை மட்டும் தேய்க்க மாட்டோம். அது எவ்ளோ குடிச்சுதுன்னு பார்த்து இதுல கழிச்சிடுவோம்.'

அதே அப்பாவுக்குப் பிறந்து, அதே வீட்டில் இருந்து, பொம்மைக் கூடத்துக்குப் போகாமல் மேலே படித்த இன்னொரு அக்காவை நான் எங்கே தேடுவது என்று அவனிடம் கேட்கவில்லை. சுருக்கத்தை 'மாற்றத்தக்க பரப்பு' என்றே போட்டுச் சுத்தப் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டேன். தட்டச்சில் ஒரு பிழை வந்துவிட்டதாம்; திங்கட்கிழமைக்குள் இன்னொரு பிரதி வேண்டுமென்று நேற்று வந்து நின்றான். அக்கா அவனுக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாள்.